கொத்மலை ஓயா நெடுக நடக்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: நாங்கள் தலவாக்கலைப் பக்கத்து இளைஞர்கள் ஐந்து பேர். அக்கரப்பத்தனையிலிருந்து கொத்மலை நீர்த்தேக்கம் வரை, கொத்மலை ஓயா என்கிற ஆற்றின் ஓரமாகவே நடந்து, படமும் குறிப்பும் எடுக்கப் போகிறோம். எங்களுக்குத் தெரிந்து யாரும் முழுசாகச் செய்யாத பயணம். மார்ச் நடுவில் கிளம்புகிறோம். பை எல்லாம் ரெடி. மிச்சமிருக்கும் பத்து நாளில் என்ன செய்யலாம்?

பதில்: தம்பிமாரே, பையை ஒரு பக்கம் வையுங்கள். முதலில் தண்ணீரை விசாரியுங்கள்.

தலவாக்கலை அணைக்கு மேலே ஆறு ஆறாகவே இருக்கும். கீழே கதை வேறு. 2012இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு தண்ணீரில் பெரும்பகுதி மலைக்குள் சுரங்கம் வழியாக மின்நிலையத்துக்குப் போய்விடுகிறது. அதனால் சென்கிளேயர் அருவிப் பக்கமெல்லாம் பாறை தெரியும், கால் நனையாமல் தாண்டிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் தலவாக்கலை அணையின் தேக்கம் சின்னது. மேலே நானுஓயாவிலோ அக்கரப்பத்தனையிலோ ஒரு மழை கொட்டினால் சீக்கிரம் நிரம்பி, வான்கதவைத் திறப்பார்கள். அப்போது நீங்கள் நிற்கும் இடத்தில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். ஆகவே அணை அலுவலகத்துக்கு இப்போதே நேரில் போய் உங்கள் நாள், வழி எல்லாம் சொல்லி, தினமும் காலையில் யாரிடம் கேட்பது என்று எழுதி வாங்குங்கள். மார்ச்சில் இடி மழை மத்தியானத்துக்கு மேல்தான் அதிகம். ஆற்றைக் கடக்கும் வேலையைப் பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

இந்த ஞாயிறு முழுச் சுமையோடு ஒரு நாள் ஒத்திகை நடந்து பாருங்கள். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டி அவிழ்ந்திருக்க வேண்டும். கயிற்றை உடம்பில் கட்டவே கூடாது, விழுந்தால் அதுவே ஆளைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கும்.

எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம். அட்டைக்குக் காலுறை மேல் சவர்க்காரம் அல்லது சித்தாலேப தைலம் போதும். அப்புறம், தோட்டத்து எல்லைக்குள் போக தோட்ட நிர்வாகியான துரையிடம் கடிதம் வாங்குங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குள் ஊற்றுக்கண் தேடும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், அங்கே பாதையை விட்டு இறங்கத் தடை.

யாரும் செய்யாத பயணம் என்கிறீர்கள். துண்டு துண்டாக இந்தக் கரையை நம் தோட்டத்து ஆட்கள் எத்தனையோ பேர் நடந்திருக்கிறார்கள், அவர்களை விசாரிக்காமல் கிளம்பாதீர்கள். நுவரெலியாவில் சில வருடம் குடியிருந்த ஆங்கிலேயப் பயணி சாமுவேல் பேக்கர்கூட, பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனபோது, முதலில் ஏறக்குறைய ஒரு வருடம் அதன் கிளையாறுகளில் திரிந்து அரபு மொழி பழகிக்கொண்டார். உங்களுக்குப் பாஷைப் பிரச்சினை இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான ஒவ்வொரு லயத்திலும் ஒரு வயசாளியைப் பிடித்தால் போதும்.

வீட்டில் ஒருவரிடம் தினசரித் திட்டத்தைக் கொடுத்து வையுங்கள். சில பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது, அதனால் மாலை மேட்டுக்கு ஏறி ஏழு மணிக்கு ஒரு கோல் எடுக்க வேண்டும். எட்டு வரை வராவிட்டால் அவர் யோசிக்காமல் பொலிஸ் அவசர எண் 119க்கு அழைக்கட்டும்.