இரண்டாவது சாவி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தோராண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தோட்டம் இன்றில்லை. பாதி செம்பனையாகவும் பாதி தாமான் குடியிருப்பாகவும் மாறிவிட்டது. அங்கே வாழ்ந்தவர்களில் எழுபது பேர் ஒரு வாட்ஸ்அப் புலனக் குழுவில் இருக்கிறோம். எட்டு ஆண்டுகளில் தொழிலாளர் லயத்து வீடுகள், தோட்டப் பள்ளி, மாரியம்மன் திருவிழா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் என்று பழைய படங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. இன்று உயிரோடில்லாத நான்கு பெரியவர்களின் குரல்பதிவுகளும் அதில் உண்டு.

குழுவைத் தொடங்கிய நண்பர் சென்ற ஆண்டு காலமானார். அதற்கு முன்பே, ஒரு பெரிய சமூகத் தளத்தில் நாங்கள் வைத்திருந்த பக்கம், அவருடைய கணக்கை யாரோ கைப்பற்றியதால் எங்கள் கையை விட்டுப் போயிற்று. முறையிட்டும் பதில் வரவில்லை. சிங்கப்பூரில் கணினித் துறையில் வேலை செய்யும் என் தம்பி மகன், புலனத்தை விட்டு அனைவரும் வெளியேறி, சொந்த வழங்கியில் (சர்வரில்) மஸ்தோடன் போன்ற ஒரு சமூக வலைத்தள மென்பொருளை நிறுவி அங்கே குடியேற வேண்டும் என்கிறான். கைப்பேசி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறான். அறுபது வயதைத் தாண்டிய எங்களுக்கு இது ஆகிற காரியமா? சொந்தமாக நடத்தினால் அரசாங்க உரிமம் வேண்டும் என்று வேறொருவர் பயமுறுத்துகிறார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கிராணியாக இருந்தவர் என்பதை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் நின்று கவனித்தேன். முப்பதாண்டுகளுக்கு மேல் செக்ரோல் என்னும் ஆள்வரவுப் பதிவேட்டை எழுதி, யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எவ்வளவு என்று ஒருநாளும் விடாமல் கணக்கு வைத்தவருக்கு இந்த வேலை ஆகுமா ஆகாதா என்ற ஐயமே வந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தம்பி மகனின் கவலை நியாயமானது. அவர் சொல்லும் வழியில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அவருடைய கவலை. புலனத்தில் போட்ட படம் எங்கே இருக்கிறது என்று உங்கள் குழுவினரைக் கேட்டால் பெரும்பாலோர் ‘குழுவில் இருக்கிறது’ என்றே சொல்வார்கள். அப்படி ஓர் இடம் கிடையாது. 2016 முதல் அந்தச் சேவையில் செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே, வேறு யாரும் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டுச் செல்கின்றன. போய்ச் சேர்ந்த செய்தியை நிறுவனம் தன் வழங்கியில் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. ஆகவே உங்கள் திருவிழாப் படங்கள் எழுபது கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஐம்பதில் இடம் போதாமல் எப்போதோ அழிக்கப்பட்டிருக்கும். மிச்சமுள்ளவற்றில் இருப்பதும் அசல் அல்ல, ஏனெனில் வழக்கமான முறையில் அனுப்பும் படம் போகிற வழியிலேயே சுருக்கப்பட்டுவிடுகிறது. அசல் வேண்டுமென்றால் அதை ஆவணமாக அனுப்பச் சொல்ல வேண்டும். காலமான உங்கள் நண்பரின் கணக்கு 120 நாள் இயங்காமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்படும். அவருடைய முன்கட்டண எண்ணுக்குப் பணம் போடாமல் விட்டால் நாளடைவில் அது முகந்தெரியாத வேறொருவருக்குப் போய்விடக்கூடும். அந்தரங்கப் பேச்சுக்கு மிகப் பொருத்தமான அந்தச் சேவையை நாம் ஆவணக் காப்பகமாக நினைத்துக்கொண்டோம்.

லயத்தில் வாழ்ந்த நமக்கு இந்த நிலைமை பழக்கமானது. வாசலில் கறிவேப்பிலை நட்டோம், பின்னால் கோழிக்கூண்டு கட்டினோம், மூன்று தலைமுறை அங்கேயே பிறந்தோம். வீடு மட்டும் நம்முடையதாக இருக்கவில்லை. விடுதலைக்குப் பின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டு விற்ற அந்தத் துண்டாடல் காலத்தில், வேலையோடு வீடும் போயிற்று. அதற்கு விடையாகத்தான் உங்கள் ஊர்க்காரரும் அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கைத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது நாம் சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பேசியதைச் சொல்கிறோம், அந்தப் பத்து வெள்ளிக்காகத் தொழிலாளி வீட்டில் எதை விட்டுக்கொடுத்தான் என்பதைச் சொல்கிறோம். கட்டிய ஒவ்வொரு பத்து வெள்ளியையும் யாரோ ஒருவர் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வதில்லை. அந்த எழுத்து இல்லாவிட்டால் பங்கும் இல்லை, தோட்டமும் இல்லை. இணையத்தில் சொந்த இடம் வேண்டும் என்று பேசுகிற இளைஞர்களிடம் நான் காணும் குறையும் இதுதான். எந்த மென்பொருள் சிறந்தது என்று நள்ளிரவு வரை விவாதிக்கும் அவர்களிடம், நீங்கள் நாளைக்கு மருத்துவமனையில் படுத்தால் கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

மஸ்தோடனைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஜெர்மனியில் ஆய்கென் ரோச்கோ என்பவர் 2016இல் வெளியிட்ட அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் தம் வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம். மின்னஞ்சலில் ஒரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் முகவரிக்கு மடல் போவதுபோல, ஒரு வழங்கியில் இருப்பவர் வேறொன்றில் இருப்பவரோடு பேச முடியும். அதற்கான பொதுநெறி 2018 ஜனவரியில் இணையத் தர அமைப்பின் பரிந்துரையாகவே வந்துவிட்டது. ஆனால் ஒரு வழங்கியை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது உங்களைப் பின்தொடர்வோரைக் கூட்டிக்கொண்டு போகலாமே தவிர, எழுதியவை பழைய இடத்திலேயே தங்கிவிடும். நடத்துகிறவர் களைத்துப்போனால் அந்த இடமும் மூடப்படும். இதை மஸ்தோடனை உருவாக்கியவர்களே உணர்ந்திருக்கிறார்கள். தங்கள் பட்டியலில் இடம்பெற விரும்பும் வழங்கிகள் நாள்தோறும் காப்புநகல் எடுக்க வேண்டும், நெருக்கடியில் உள்ளே நுழைய இன்னொருவருக்காவது வழி இருக்க வேண்டும், மூடுவதற்கு மூன்று மாதம் முன்பே அறிவிக்க வேண்டும் என்பவை அவர்கள் வகுத்திருக்கும் நிபந்தனைகளில் சில. இவை அப்படியே ஒரு நல்ல கூட்டுறவுச் சங்கத்தின் விதிகள். உங்கள் தம்பி மகனிடம் அந்த இன்னொருவர் யார் என்று கேளுங்கள்.

தமிழர்களுக்கு இதில் முன்னனுபவம் நிறையவே உண்டு. சுங்கைப்பட்டாணியிலிருந்து மருத்துவர் ஜெயபாரதி நடத்திய அகத்தியர் மின்மடல் குழுவின் மடல்களைப் படித்து வளர்ந்தவர்களுள் நானும் ஒருவன். அது யாகூவின் குழுச் சேவையில் இயங்கியது. 2019 டிசம்பரில் யாகூ தன் குழுக்களின் பழைய மடல்களையும் கோப்புகளையும் நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பர் 15இல் சேவையையே மூடியது. யாரேனும் தனியாகப் படியெடுத்து வைத்திருந்தவை மட்டுமே பிழைத்தன. அதே காலத்தைச் சேர்ந்த மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, 1998 பொங்கலன்று தொடங்கிய அந்த முயற்சியில் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழைய இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்தார்கள். அக்காலத்து எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்த கோப்புகளைப் பின்னர் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றினார்கள். எளிய கோப்புகளாக இருந்ததால் மாற்ற முடிந்தது, படியெடுக்கவும் முடிந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் அவற்றை நாம் படிக்கிறோம். என்னிடம் 1996இல் தட்டச்சுச் செய்த ஒரு தோட்டப் பள்ளி மலர் நெகிழ்வட்டில் இருக்கிறது. எழுத்துரு போய்விட்டதால் திறந்தால் பூச்சி ஊர்ந்த தாள்போலத் தெரிகிறது. பல மலர்களின் கதி இதுவே.

ஆகவே நான் சொல்லக்கூடியது இது. புலனத்தை விட்டு வெளியேறாதீர்கள். அதுதான் உங்கள் தேத்தண்ணிக் கடை. எழுபது பேரும் அங்கேதான் வருவார்கள். புதிய இடத்துக்குக் கூப்பிட்டால் பன்னிரண்டு பேர் வருவார்கள், அவர்களும் மூன்றாம் வாரம் பழைய இடத்தில்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு அங்கேயே நடக்கட்டும், சேகரம் மட்டும் வெளியே வரட்டும். படங்களையும் குரல்பதிவுகளையும் ஒரு வன்தட்டில் சேர்த்து, அதன் படியொன்றை வேறொரு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் வையுங்கள். வெள்ளம் வந்தால் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது. புலனத்தின் குரல்பதிவுகள் ஓபஸ் என்னும் திறந்த வடிவத்தில் இருப்பதால் அவற்றை இலவச மென்பொருளிலேயே கேட்கலாம், உடனே மாற்றியாக வேண்டும் என்ற பதற்றம் தேவையில்லை. அதன்பின் உங்கள் குழுவையே ஒரு சங்கமாக எண்ணி, அதன் பெயரில் ஓர் இணையப் பெயரைப் பதிந்து, எளிய பக்கங்களாக அவற்றை ஏற்றுங்கள். பெயருக்கும் இடத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஐந்நூறு வெள்ளிக்குள் முடித்துக்கொள்ளலாம். ஐம்பது பேர் ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுத்தால் போதும்.

அந்தப் பத்து வெள்ளியை வசதியான ஒருவரே மொத்தமாகக் கட்டிவிடுகிறேன் என்று முன்வருவார். பணிவாக மறுத்துவிடுங்கள். அவர் கட்டினால் அது அவருடைய தளம்; அவருக்கு மனத்தாங்கல் வரும் நாளில் உங்கள் திருவிழாப் படங்களும் மனத்தாங்கலுக்கு உள்ளாகும். கோயில் நிர்வாகங்களில் நாம் பார்க்காததா? பதிவு ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இல்லாமல் சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இருவரிடம் கொடுத்துவையுங்கள். தாளில் எழுதுவதைக் கணினிக்காரர்கள் கண்டிப்பார்கள். எழுபது வயதுக்காரர்களின் சங்கத்துக்குக் கண்காணாத திருடனைவிடப் பெரிய ஆபத்து, நினைவில் மட்டும் கடவுச்சொல்லை வைத்திருந்தவர் இறந்துபோவதுதான் என்பது என் எண்ணம். உங்கள் பழைய பக்கம் ஒருவரின் ஒரே கணக்கில் தொங்கியதால்தானே போயிற்று?

உரிமம் பற்றி உங்கள் நண்பர் சொன்னது தவறு. 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள உரிமத் திட்டம், மலேசியாவில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடக, செய்திச் சேவைகளுக்கானது. ஆனால் வேறொன்றை அவர் சொல்லியிருக்கலாம். சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114அ பிரிவின்படி, ஒரு தளத்தை நடத்துகிறவரே அதில் வெளியானதை வெளியிட்டவர் என்று அனுமானிக்க இடமிருக்கிறது; இல்லையென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஐந்து லட்சம் வெள்ளி அபராதம் விதித்ததை நீங்கள் நாளிதழில் படித்திருப்பீர்கள். எனவே யார் வேண்டுமானாலும் எழுதும் இடமாக உங்கள் தளத்தைத் திறந்துவிடாதீர்கள். வருவதை இருவர் பார்த்து ஏற்றட்டும். உதவி கேட்டுக் குழுவில் பகிரப்பட்ட அடையாள அட்டைப் படங்கள் எதுவும் அங்கே போகக்கூடாது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அட்டையோடு வாழ்ந்து இறந்த பாட்டியின் நிலையை ஊருக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதை அவர் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

கைப்பேசியை மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருப்பது ஓடும்வரை ஓட்டுங்கள். சிங்கப்பூர்ச் சம்பளத்தில் செய்யும் பரிந்துரைகளைத் தைப்பிங் மருத்துவமனைக்குப் பேருந்தில் போகிறவர்கள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

உண்மையான வேலை வேறிடத்தில் இருக்கிறது. எட்டாண்டுகளில் சேர்ந்த படங்களில் எத்தனைக்குப் பெயர் எழுதியிருக்கிறது? மென்பொருளும் வழங்கியும் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டேதான் இருக்கும், மாற்றித் தர யாரேனும் கிடைப்பார்கள். பெரட்டுக்களத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்தவர்கள் மட்டும் மறுபடி கிடைக்கமாட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் யார், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, யார் கொடுத்தது என்று செக்ரோல்போல வரிவரியாக, சுவரொட்டிப் படமாக இல்லாமல் ஒருங்குறித் தமிழில் தட்டச்சுச் செய்துவையுங்கள். அப்போதுதான் நாளைக்கு ஒரு பேத்தி தன் பாட்டன் பெயரைத் தேடினால் கிடைக்கும். தீபாவளிக்கு எல்லாரும் ஊர் திரும்பும் அந்த வாரத்தில் ஒரு வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, பெரியவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டுக் கேட்டு எழுதலாம். அதற்குத் தம்பி மகனையும் வரச் சொல்லுங்கள். தட்டச்சுக்கு விரல் வேகம் உள்ள ஆள் தேவைப்படும்.

என் தந்தையார் வைத்திருந்த ஒரு படத்தைத் தனி மின்னஞ்சலில், சுருக்காமல், உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் வட்டாரத் தோட்டமொன்றின் ரப்பர் ஸ்டோர் முன்னால் பதினோரு பேர் நிற்கிறார்கள். பின்பக்கம் 1963 என்று மட்டும் எழுதியிருக்கிறது. எட்டுப் பேரின் பெயர் எனக்குத் தெரியும். இடமிருந்து மூன்றாவதாகத் தொப்பியோடு நிற்கும் தண்டல் என்னும் மேற்பார்வையாளரையும், வலக்கோடியில் பால் வாளியோடு நிற்கும் இரண்டு பெண்களையும் உங்கள் குழுவில் யாருக்காவது தெரிகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.