சாரைப்பாம்பு மாட்டு மடியில் பால் குடிக்குமா?

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் எங்களுக்கு இரண்டு கலப்பினக் கறவை மாடுகள். பத்து நாளாக ஒரு மாட்டுக்குப் பின் இடது காம்பில் மட்டும் காலைப் பால் பாதியாகிவிட்டது. கொட்டகைக்குள் ஆறடிச் சாரை ஒன்று வந்து போகிறது. ராத்திரியில் அதுதான் மாட்டின் காலைப் பின்னிக்கொண்டு பால் குடிக்கிறது, அடித்துவிடு என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பாம்பை விடுங்கள் அண்ணே, நாளைக் காலை கறக்கும்போது அந்தக் காம்பைப் பாருங்கள். முதல் நாலு பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி மேல் பிடித்தால் திரிதிரியாக வருகிறதா, தண்ணீராக வருகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு காம்பில் மட்டும் பால் குறைகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் மடிநோய் மேல்தான். மடி வீங்கிச் சூடாக இருந்தால்தான் மடிநோய் என்றில்லை, வெளியே ஒன்றுமே தெரியாமல் பாலை மட்டும் குறைத்துக்கொண்டிருக்கிற வகைதான் அதிகம். நான்கு காம்புப் பாலையும் தனித்தனியாகச் சுத்தமான பாட்டிலில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

சரி, சாரைக்கு வருவோம். அது பகலில் இரை தேடும் பாம்பு, ராத்திரியில் வளைக்குள் போய் அடங்கிவிடும். நீங்கள் சொல்கிற திருட்டோ ராத்திரியில் நடக்கிறது, அந்தக் கணக்கே ஒத்துவரவில்லை. அதோடு, உறிஞ்சிக் குடிக்கக் காம்பை இறுகப் பிடிக்கிற சதைப்பற்றுள்ள உதடு வேண்டும், பாம்புக்கு அது கிடையாது. இருப்பதெல்லாம் உள்நோக்கி வளைந்த ஊசி ஊசியான பற்கள், கவ்வினது நழுவாமல் உள்ளே தள்ளுவதற்காக. அந்தப் பல்லோடு காம்பைக் கவ்வினால் மாடு சும்மா நிற்குமா, ஒரே உதையில் கொட்டகையே கிளம்பிவிடாதா? காலைக் கட்டுகிறது என்பதும் கதைதான். மலைப்பாம்பு மாதிரி சுற்றி இறுக்கும் பழக்கம் சாரைக்கு இல்லை, இரையைத் தரையோடு உடம்பால் அழுத்திப் பிடித்து விழுங்கும். பாம்பாட்டி காட்டுகிற பால் குடிக்கும் பாம்பு, பல நாள் தண்ணீர் காட்டாமல் காயப்போட்ட பாம்பு, தாகத்தில் எதை வைத்தாலும் வாய் வைக்கும்.

பாம்புக்கு மெல்லத் தெரியாது, முழுசாகத்தான் விழுங்கும், அதுவும் பெரும்பாலும் தலைப்பக்கமிருந்து. கீழ்த்தாடையின் இரண்டு பாதியும் முன்னால் எலும்பாக ஒட்டாமல் இழுபடும் நாரால் இணைந்திருப்பதால், தன் தலையைவிடப் பருத்த எலியையும் இடது வலது என்று மாற்றி மாற்றி இழுத்து உள்ளே கொண்டுபோய்விடும். நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது காற்றில் உள்ள வாசனையைப் பிடித்து மேல் அண்ணத்தில் இருக்கும் உறுப்புக்குக் கொடுக்கத்தான். உங்கள் கொட்டகையில் அது மோப்பம் பிடிப்பது எலியை. தவிட்டு மூட்டையைத் தரையில் அடுக்கியிருப்பீர்கள், பக்கத்திலேயே வைக்கோல் போர், சுவரோரம் எலி வளை, சரிதானே? எலி மூன்று வாரச் சினையில் ஒரே ஈற்றில் ஏழெட்டுக் குட்டி போடுகிற சாதி. வளைக்குள்ளேயே நுழைந்து குட்டியோடு தின்கிற சம்பளமில்லாத ஆளை அடித்துவிட்டுத் தஞ்சாவூர்க் கிட்டி என்கிற எலிப்பொறியை வாங்கி வைப்பது என்ன கணக்கு? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரையைக் கொல்வது குற்றமும்கூட.

ஆனால் வந்தது சாரைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெலிந்த தலை, பெரிய கண், உதட்டோரம் கறுப்புக் கோடுகள் இருந்தால் சாரை, அதற்கு விஷம் இல்லை. அதே எலிக்காக நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும், விரியன் வைக்கோலுக்குள் அசையாமல் கிடக்கும். அதனால் தவிட்டு மூட்டையைப் பலகை மேல் ஏற்றுங்கள், போரைக் கொட்டகையிலிருந்து தள்ளிப் போடுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் வைக்கோல் உருவ வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவதெல்லாம் கூடாது, கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மாட்டுக்கு இன்னொன்று. கறந்து முடித்ததும் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும், அதற்குள் மாடு சாணியில் படுத்தால் கிருமி ஏறிவிடும். கறந்த கையோடு தீவனம் போட்டு நிற்க வையுங்கள். அப்புறம் கோழிக்குஞ்சு ஏதும் வளர்த்தால் மட்டும் கூண்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்துவிடுங்கள், அந்த விஷயத்தில் சாரையை நானும் நம்ப மாட்டேன்.