ஆகாயமும் சொர்க்கமும் ஒரே சொல்லா?

கேள்வி: ஜெர்மன் மொழியில் ஆகாயம், சொர்க்கம் இரண்டையுமே 'ஹிம்மல்' என்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆங்கிலத்தில் மட்டும் 'ஸ்கை', 'ஹெவன்' என இரண்டு சொற்கள் வந்தது எப்படி? ஹிம்மலுக்கும் இமயமலைக்கும் தொடர்பு உண்டா?

பதில்: ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொள்வதுதான் ஜெர்மானிய மொழிகளின் பொது வழக்கம். டச்சுக்காரர்களின் 'ஹேமல்', ஸ்வீடன், டென்மார்க் நாட்டவரின் 'ஹிம்மல்', ஐஸ்லாந்தின் 'ஹிமின்' எல்லாமே அப்படித்தான். பழைய ஆங்கிலத்திலும் 'ஹெயோஃபோன்' என்ற ஒற்றைச் சொல்லே மேகம் தவழும் வானத்தையும் இறைவன் உறையும் உலகத்தையும் குறித்து வந்தது. அதுவே இன்றைய 'ஹெவன்'.

9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகள் எனும் ஸ்காண்டிநேவியக் (டென்மார்க், நார்வே பகுதி) கடலோடிகளின் மொழியில் 'ஸ்கீ' என்றால் மேகம். டேனிஷ் மொழியில் இன்றும் அச்சொல்லுக்கு அதுதான் பொருள். ஆங்கிலத்துக்குள் வந்த புதிதிலும் அது மேகத்தையே குறித்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், காற்று வீசிய வேகத்தில் 'வெல்கின்' முழுவதிலும் ஒரு 'ஸ்கை' கூட மிஞ்சவில்லை என்று ஓரிடத்தில் எழுதுகிறார். அங்கே ஸ்கை மேகம், வெல்கின் வானம். வேடிக்கை என்னவென்றால், அந்த வெல்கினும் ஆதியில் மேகத்தைக் குறித்த சொல்தான். ஜெர்மனில் மேகத்தைச் சொல்லும் 'வோல்க்க' அதன் உடன்பிறப்பு. இப்படி மேகச் சொற்கள் ஒவ்வொன்றாக வானத்துக்குப் பதவி உயர்வு பெற்றுவிட, காலியான இடத்துக்கு வந்த 'கிளவுட்' பழைய ஆங்கிலத்தில் பாறையைக் குறித்தது! ஸ்கை நிலைபெற்ற பிறகு ஹெவன் பெரும்பாலும் சமயத்தோடு ஒதுங்கிக்கொண்டது, கவிதையில் மட்டும் பழைய பொருள் இன்னும் தலைகாட்டுகிறது.

ஹெவனும் ஹிம்மலும் ஓசையில் விலகி நின்றாலும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதே பெரும்பாலோர் கருத்து. வட ஜெர்மனியின் பழஞ்சாக்சன் மொழியில் 'ஹிமில்', 'ஹெவன்' இரண்டுமே வழங்கின. அந்த மூலத்தின் பொருள் பற்றித்தான் அறிஞர்களிடையே வழக்கு தீரவில்லை. 'மூடுதல்' என்று ஒரு சாரார் கொள்கிறார்கள். மற்றொரு சாரார், வானத்தைக் கல்லாலான கவிகையாகக் கண்ட தொன்மையான எண்ணம் அதில் இருப்பதாகக் கருதி, கல்லைக் குறிக்கும் சமஸ்கிருத 'அச்மன்', வானத்தைக் குறிக்கும் பாரசீக 'ஆஸ்மான்' ஆகியவற்றோடு அதை இணைக்கிறார்கள். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.

இமயமலையின் பெயரில் உள்ள 'ஹிம' என்பதற்குப் பனி என்று பொருள். ஹிம்மலோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.