விண்டோஸை விட லினக்ஸ் பாதுகாப்பானதா?

"லினக்ஸில் வைரஸே வராதாமே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் பல நாடுகளில் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. ஆனால் அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. பெரும்பாலும் அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

சரி, லினக்ஸ்? அதன் நிரல் யாரும் பார்க்கும்படி திறந்தே இருப்பதால், குறைகள் பலர் கண்ணில் படும் என்பார்கள். ஆனால் 2024-இல், லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவிக்குள் பின்வாசலே (திருட்டுத்தனமாக நுழைய ரகசிய வழி) வைத்துவிட்டார்கள். வைத்தவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பங்களிப்பாளராக நடித்து நம்பிக்கை பெற்றவர். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு சுமார் அரை நொடி தாமதமானதைத் துருவித்தான் அதைப் பிடித்தார் ஒரு பொறியாளர். அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில்!

லினக்ஸின் நிஜமான பலம், மென்பொருளைக் கண்ட தளத்திலிருந்து இறக்காமல் லினக்ஸின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே போடும் பழக்கம். விண்டோஸ் பக்கம் பார்த்தால், விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள் உட்பட) 2025 அக்டோபரில் முடிந்தது. இன்னும் அதிலேயே இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள்.