டாங்கோ க்ளாஸும் அப்பாவும்: வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

மாமியார பாத்துக்கிட்ட காலத்துல சனிக்கிழமை சனிக்கிழமை டாங்கோங்கற ஜோடி டான்ஸ் க்ளாஸ் போனதா ஒரு கட்டுரைல எழுதியிருந்தீங்க. நான் அட்லாண்டால இருக்கேன். அப்பாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்) வந்து மூணு வருஷம், எங்ககூடதான் இருக்கார். டான்ஸ் ஆடினா டிமென்ஷியா ரிஸ்க் 76 சதவீதம் குறையும்னு வாட்ஸப்ல வந்துச்சே, நிஜமா? நிஜம்னாலும் அவர விட்டுட்டு, வேத்து ஆம்பள கைய பிடிச்சு ஆடப் போறத நெனச்சாலே குத்தமா இருக்கு. உங்களுக்கு அப்படி இல்லையா? (பேர் போட வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

இருந்துச்சும்மா.

மொதல்ல அந்த 76ஐ முடிச்சுடறேன். 2003ல நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்தது, நியூயார்க் ப்ராங்க்ஸ்ல 75 வயசு தாண்டின 469 பேர சுமார் 5 வருஷம் கவனிச்சாங்க, உடம்ப அசைக்கற வேலைகள்ல டான்ஸ் ஆடினவங்களுக்கு மட்டும்தான் டிமென்ஷியா கம்மியா வந்திருந்துச்சு. ஆனா ஞாபகம் தடுமாற ஆரம்பிச்சவங்க மொத வேலையா டான்ஸ நிறுத்தியிருக்கலாமே? தவிர அது ஆடின தாத்தா பாட்டிங்கள பத்தினது, பாத்துக்கறவங்கள பத்தி இல்ல. அப்பாவுக்கு வந்தது நமக்கும் வருமோங்கற பயத்துக்கு மருந்துன்னு நெனச்சு போகாதீங்க.

நான் போனது எதுக்குன்னா, காலைல எந்திரிச்சதுல இருந்து எனக்கும் அத்தைக்கும் சேத்து நானே முடிவெடுக்கணும், அத்தை எப்ப குளிக்கறது, மாத்திரை போட்டாச்சா, அடுப்பு ஆஃப் பண்ணியாச்சா, "எங்க வீட்டுக்குப் போகணும்"னு வாசல்ல நின்னா என்ன சொல்லி சமாளிக்கறது. டாங்கோல ஒருத்தர் லீட் பண்ணி வழி காட்டுவாங்க, இன்னொருத்தர் ஃபாலோ பண்ணி கூடவே போவாங்க, மனப்பாடம் பண்ணி வச்ச வரிசை கிடையாது, அடுத்த அடி எங்கன்னு எதிராளி நெஞ்சு திரும்பறத வச்சுதான் தெரியும், நாம முந்திக்கிட்டா கால் மிதிபடும். நான் ரெண்டு மாசம் மிதிச்சேன். "வெயிட் பண்ணு, வெயிட் பண்ணு"ன்னு டீச்சரம்மா சொல்லி ஓஞ்சே போனாங்க. ஒருநாள் எப்படியோ காத்திருக்க வந்துடுச்சு. நாலு பாட்டு சேந்தது ஒரு டாண்டா, ஒரு 12 நிமிஷம் வரும், அந்த 12 நிமிஷமும் நான் ஒரு முடிவும் எடுக்கல, கார்ல வந்து உக்காந்து அழுதேன்.

உங்க ஊர் எமரி யுனிவர்சிட்டில மேடலின் ஹாக்னிங்கறவங்க பார்கின்சன் (நடுக்க நோய்) உள்ளவங்களுக்கும் வயசானவங்களுக்கும் ஏத்த மாதிரி டாங்கோவ மாத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, அதுல எல்லாருமே லீட், ஃபாலோ ரெண்டும் கத்துக்கணும். நானும் லீட் கத்துக்கிட்டப்பதான் அத்தை விஷயம் புரிஞ்சுது. லீட் பண்றவங்க இழுக்கக் கூடாது, தன் வெயிட்ட மாத்திட்டு எதிராளி வெயிட் மாறுற வரைக்கும் நிக்கணும். வீட்ல நான் அத்தைய சோஃபால இருந்து கைய பிடிச்சு இழுப்பேன், அவங்க பயந்து பின்னால சாய்வாங்க, அதுல ஒரு சண்ட. அப்புறம் எதிர்ல நின்னு ரெண்டு உள்ளங்கையையும் கீழ இருந்து தாங்கிக்கிட்டு சும்மா காத்திருந்து பாத்தேன், பல நாள் அவங்களா எந்திரிச்சாங்க, அப்படியே நான் பின்னால நடந்து பாத்ரூம் வரைக்கும் போவோம். கடி வாங்கின நாளும் உண்டு.

வேத்து ஆம்பளங்கற கூச்சம் எனக்கும்தான். பொம்பளைங்களும் லீட் பண்றாங்க, கேட்டா சேத்து விடுவாங்க, கொஞ்சம் தள்ளி நின்னு ஆடற முறையும் இருக்கு. நாள் பூரா குளிப்பாட்டி, தொடச்சு, டயப்பர் மாத்தி நாமளேதான் தொட்டுக்கிட்டு இருக்கோம், நம்மள ஒருத்தர் தொட்டு எவ்ளோ நாளாச்சுன்னு அங்க போய்தான் எனக்கு உறைச்சுது.

குத்த உணர்ச்சி போகும்னு பொய் சொல்ல மாட்டேன். க்ளாஸ்ல இருந்தப்ப ஒரு தடவ அத்தை விழுந்துட்டாங்க, எங்க வீட்டுக்காரர் பக்கத்து ரூம்லதான் இருந்தார். மூணு வாரம் போகல. நாலாவது வாரம் நான் பக்கத்துல நிக்கறப்பவே விழுந்தாங்க. அடுத்த சனிக்கிழமை கிளம்பிட்டேன்.

ஷூ அப்புறம் வாங்கிக்கலாம். அந்த ரெண்டு மணி நேரம் அப்பாகூட யாரு இருக்கறதுங்கறத மொதல்ல பேசி முடிங்க.