கறிவேப்பிலைச் செடியில் ஒரு புழு

அன்புள்ள அம்மா,

ஈரோடு மாவட்டத்தில் சின்னதாக ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறேன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை 22 குழந்தைகள். மார்ச் மூன்றாம் வாரம் எங்களுக்கு ‘ஸ்பிரிங் சீசன்’ வாரம். போன வருஷம் துலிப் பூ, பஞ்சு முயல், வண்ணத்துப்பூச்சி வாழ்க்கைச் சுழற்சி சார்ட் எல்லாம் செய்தோம். பெற்றோர் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். ஆனால் குழந்தைகள் அடுத்த வாரமே எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். இந்த வருஷம் புதிதாக என்ன கைவேலை கொடுக்கலாம்? வெயிலில் வெளியே கூட்டிப்போகவும் பயமாக இருக்கிறது. “எழுத்து சொல்லிக் கொடுங்கள், இதெல்லாம் எதற்கு?” என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

குழந்தைகள் மறந்துவிட்டார்கள் என்பதைக் கவனித்து எழுதினீர்களே, அதற்காகவே உங்களுக்குப் பதில் எழுதத் தோன்றியது. ஸ்டேட்டஸில் வந்த படங்களோடு திருப்திப்பட்டு நிற்காத மனசு அது. அந்த மனசு இருந்தும் ஈரோட்டுக் குழந்தையின் கையில் துலிப்பைக் கொடுத்தீர்களே, அதுதான் எனக்குக் கோபம். மார்ச்சில் உங்கள் தெருப் புங்கமரம் பழைய இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு, எண்ணெய் தடவினதுபோல இளம்பச்சைத் தளிரோடு நிற்கும். கொஞ்ச நாளில் அதன் பூ தரையில் பொரி சிந்தினமாதிரி கிடக்கும். சங்கப் புலவர்களும் அதைப் பொரிக்குத்தான் ஒப்பிட்டார்கள். இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். வேம்பு பூக்கும். குயில் விடிவதற்கு முன்பே கூவ ஆரம்பித்துவிடும். நம் கணக்கில் இளவேனில் சித்திரையும் வைகாசியும். பங்குனி அதற்கு வாசல்படி. குழந்தை தினமும் கடந்து வருகிற இந்த வாசல்படியை விட்டுவிட்டு, அது பார்க்காத பூவைச் சுவரில் ஒட்டினால் எப்படி நினைவில் நிற்கும்?

வெயிலுக்கு ஒன்பது மணிக்குள் உள்ளே வந்துவிடுங்கள், போதும். புதுக் கைவேலை எதுவும் வேண்டாம். பாட்டும் மாறுவேஷமும் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

அந்த வாழ்க்கைச் சுழற்சி சார்ட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். முட்டைக்கு அரிசி, புழுவுக்குப் பச்சை உருண்டை, நடுவில் நாலு அம்புக்குறி. நாலு நிலையும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கிறது. அடுத்து என்ன என்று குழந்தை காத்திருக்க அங்கே எதுவுமே இல்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு ‘நேத்து’, ‘நாளைக்கு’ இரண்டும் குழம்புகிற வயது. காலம் நகர்வதை அது கண்ணால் பார்த்தால்தான் அந்தச் சொற்கள் நிலைக்கும். ஒரு வாரத்துக்கு ஒரு தீம் என்று மாற்றிக்கொண்டே போகிற பழக்கம் இந்தக் காத்திருப்பை வேரோடு பிடுங்கிவிடுகிறது. பருவம் என்பது ஒரே பொருளை நாள்தோறும் போய்ப் பார்த்து, நேற்றைவிட இன்று என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்வது. ஐந்து நாளில் அது முடியாது.

ஒரு கறிவேப்பிலைச் செடி போதும். மாசி நடுவில் நுனியைக் கிள்ளிவிட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். பங்குனியில் தளிர் வந்ததும் கறுப்பு, மஞ்சள் புள்ளிகள் கொண்ட எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிட வரும். எலுமிச்சை, நாரத்தைச் செடியிலும் இடும். பூச்சிமருந்து எந்த வடிவத்திலும் அந்தச் செடியின் பக்கம் போகக்கூடாது. முட்டை இளமஞ்சளாக, உருண்டையாக, கசகசா அளவுக்கு இருக்கும். இளம் இலையில் ஒன்றொன்றாகத் தேட வேண்டும். குழந்தைகளின் உயரத்துக்குச் செடி இருந்தால் உங்களுக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

முட்டையை இலையோடு கிள்ளி உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டு போதும். பத்து, பதினைந்து என்று சேர்த்தால் இலை போட்டு மாளாது. ஐந்து லிட்டர் பிடிக்கிற அகல வாய்க் கண்ணாடி ஜாடி எடுத்து, மூடிக்குப் பதில் கொசுவலைத் துணியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். அடியில் செய்தித்தாள். உள்ளே சின்ன மருந்துப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, கறிவேப்பிலைக் கொத்தைச் செருகி, பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் புழு தண்டு வழியே இறங்கித் தண்ணீரில் விழுந்து சாகும். எறும்பு ஏறாமலிருக்க ஜாடியைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். ஜன்னல் வெயில் படக்கூடாது. கண்ணாடிக்குள் சூடு ஏறினால் ஒரே மதியத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

மூன்று நான்கு நாளில் புழு வெளிவந்து முதலில் தன் முட்டையோட்டையே தின்னும். அப்புறம் கறுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம்போல இருக்கும். பறவை தன்னைத் தின்னாமல் இருக்க அந்த வேஷம். அழுக்கென்று துடைத்துவிடாதீர்கள், ஆயாம்மாவிடமும் சொல்லி வையுங்கள். நான்காவது முறை தோலுரித்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டி ஒரு நெடி விடும். விஷமில்லை. ஆனால் விரலால் தூக்க வேண்டாம், இலையோடு மாற்றுங்கள். முருங்கையில் கும்பலாக இருக்கும் கம்பளிப்பூச்சி வேறு, அதன் முடி பட்டாலே அரிக்கும். இந்த வித்தியாசத்தை முதல் நாளே குழந்தைகளுக்குக் காட்டிவிடுங்கள்.

பள்ளியில் புழு சாவதற்கு ஒரு காரணம் சந்தைக் கறிவேப்பிலை. அதில் அடித்த மருந்து கழுவினாலும் முழுசாகப் போகாது. காலையில் போட்டால் மறுநாள் புழு துவண்டு கறுத்துக் கிடக்கும். செடியில் இலை தீர்ந்துவிட்டால், மருந்து அடிக்காத வீட்டுச் செடி யாரிடம் இருக்கிறது என்று பெற்றோரிடம் கேளுங்கள். கடைசி ஐந்தாறு நாளில் தின்றுகொண்டே இருக்கும், ஒரு ஈர்க்கு இலை ஒரே பகலில் காலியாகும். அடுத்த தவறு ஈரம். கழிவும் வாடிய இலையும் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். தினமும் தாளை மாற்ற வேண்டும். அந்த வேலை குழந்தைகளுடையது, முறை வைத்து நாளுக்கு இருவர்.

தினமும் காலையில் புழுவின் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். முதல் நாள் பட்டை மூன்று மில்லிமீட்டர்கூட இராது. பதினைந்து நாளில் நான்கு சென்டிமீட்டரை நெருங்கும். தோலுரிக்கும் நாளில் புழு தின்னாது, அசையாது, பட்டையும் வளராது. “செத்துப்போச்சா?” என்று கேட்பார்கள். அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல், “நாளைக்குப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். ‘நாளைக்கு’ என்ற சொல்லுக்கு அப்போதுதான் ஓர் உருவம் கிடைக்கிறது. பெற்றோர் கேட்டால் அந்தப் பட்டைகளைக் காட்டுங்கள். நீளம், வரிசை, எண்ணிக்கை, ஒப்பிடுதல், எழுதப் பழகும் விரலுக்குக் கத்தரிக்கோல் பிடிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. மழலையர் பள்ளிக்கு 1840இல் கிண்டர்கார்டன், அதாவது ‘குழந்தைகள் தோட்டம்’ என்று பெயர் வைத்த ஜெர்மானியக் கல்வியாளர் ஃபுரோபெல் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தோட்டப் பாத்தி கொடுத்தார். பெயரிலேயே தோட்டம் இருக்கிறது. நாம் அதை ‘கேஜி’ என்று சுருக்கியபோது தோட்டத்தையும் விட்டுவிட்டோம்.

புழு தின்பதை நிறுத்தி, நீர்த்த கழிவு விட்டு, ஜாடிக்குள் அலைய ஆரம்பித்தால் கூட்டுப்புழுவாகத் தயாராகிறது. ஒரு காய்ந்த குச்சியைச் சாய்த்து வையுங்கள். இடுப்பில் பட்டிழை கட்டிக்கொண்டு அதில் சாய்ந்து நிற்கும். மறுநாள் தோல் கழன்று கூடாகும். அதன்பின் ஜாடியை ஆட்டவோ, இடம் மாற்றவோ கூடாது. எட்டிலிருந்து பத்து நாள் ஒன்றுமே நடக்காது. உங்களுக்கே சலிப்பு வரும், வேறு தீம் தொடங்கலாமா என்று தோன்றும். தொடங்காதீர்கள். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் குளவியோ ஈயோ வரும், அவற்றின் தாய் முன்பே புழுவில் முட்டையிட்டிருக்கும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், குழந்தைகள் தாங்குவார்கள்.

கூடு கறுத்து உள்ளே சிறகின் மஞ்சள் தெரிந்தால் மறுநாள் வெளிவரும், பெரும்பாலும் அதிகாலையில். பள்ளி திறக்கும்வரை காத்திருந்தால் யாரும் பார்க்க முடியாது. அன்று சாயங்காலமே பெற்றோருக்குச் சொல்லி, மறுநாள் விடிந்ததும் குழந்தைகளைக் கூட்டிவரச் சொல்லுங்கள். சிறகு விரிந்து காய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை யாரும் தொடக்கூடாது. அடியில் சொட்டும் செம்பழுப்பு நீரைப் பார்த்து ரத்தம் என்று யாராவது அழுதால், கூட்டுக்குள் தேங்கிய கழிவுதான் என்று சொல்லிவிட்டு, ஜாடியைக் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் துணியை அவிழ்த்துவிடுங்கள்.