பதில்: அப்பாவுக்குச் சர்க்கரை, மாதம் 9,000 வருமானம். முதலமைச்சர் காப்பீடா, தனியார் பாலிசியா?

நண்பரே, தனியார் பாலிசிக்காக ஏஜெண்டிடம் பணம் கட்டுவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். உங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,08,000 ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு 1,20,000. குடும்பத்துக்கே ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும், பிரீமியம் கிடையாது, ஏற்கெனவே சர்க்கரை இருப்பதும் தடையில்லை.

வருமானச் சான்று, ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அப்பா பெயர் உங்கள் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் சிக்குவது அங்கேதான். இந்தத் திட்டம் அதன் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும். வெளிநோயாளிச் செலவு, மாத மாத்திரை இதில் வராது. ஒரே ஆஸ்பத்திரியில் இத்திட்டத்தின் கீழ் இதய சிகிச்சைக்கு அனுமதி இருக்கும், எலும்பு சிகிச்சைக்கு இருக்காது. சேரும் முன் 1800 425 3993-இல் கேட்டுவிடுங்கள்.

"சர்க்கரையை ஃபார்மில் எழுத வேண்டாம்" என்று ஏஜெண்ட் சொன்னது பெரிய ஆபத்து. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பத்து வருடமாகச் சர்க்கரை' என்று டாக்டர் எழுதும் ஒரு வரி போதும், கிளெய்மை மறுத்து பாலிசியையே ரத்து செய்வார்கள். உண்மையை எழுதினால் காத்திருப்புக் காலம் (சர்க்கரை சார்ந்த சிகிச்சைக்குப் பணம் கிடைக்காத ஆரம்பக் காலம்) அதிகபட்சம் 3 ஆண்டு, அவ்வளவுதான்.

பிறகு கையில் பணம் மிஞ்சி தனியார் பாலிசி எடுத்தால், ஆஸ்பத்திரி அறைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தருவார்கள் என்ற அறை வாடகை வரம்பைப் பாருங்கள். வரம்பு 5,000 இருக்க, 10,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணத்திலும் பாதியை வெட்டுவார்கள்.